தேக்கா கறிக்கடை: பழைய மார்க்கெட்டா, புதுசா?

"தேக்கா மார்க்கெட் ஆரம்பத்திலிருந்தே பஃபலோ ரோட்டில்தான் இருக்கு. காய்கறிக்கும் மீனுக்கும் பேர்போன இடம். கறிக்கடைப் பெருமை எல்லாம் வயசானவங்க பிற்பாடு கட்டிவிட்ட கதை. மறுக்க யாராவது இருக்கீங்களா?"

2024 மார்ச் 2, சனி இரவு

இருக்கேன். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டைப் பற்றி ஒருவர் எழுதியதுதான் மேலே இருப்பது. முதல் வரியே தப்பு.

பழைய மார்க்கெட் சிராங்கூன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. 1915ல் கட்டியது. இன்றைக்கு தேக்கா பிளேஸ் என்ற கடைத்தொகுதி நிற்கிற இடம். நடுவில் அதே மண்ணில் தேக்கா மால் வந்தது, அது வெர்ஜ் என்று பேர் மாறியது, அப்புறம் இடித்துவிட்டார்கள். 1982ல்தான் கடைகளை எல்லாம் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பஃபலோ ரோட்டில் இருக்கிற புளோக் 665 கட்டடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது வரியும் தப்பு. அதை நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

மார்ச் 3, ஞாயிறு காலை

பழைய மார்க்கெட்டின் பேரையே பாருங்கள். கண்டாங் கெர்பாவ் மார்க்கெட். மலாயில் கண்டாங் என்றால் தொழுவம், கெர்பாவ் என்றால் எருமை. எருமைத் தொழுவத்துக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் மட்டுமா விற்றிருப்பார்கள்?

ரொச்சோர் ஆற்றுத் தண்ணீரும் சுற்றிலும் புல்லும் இருந்ததால் அந்தக் காலத்து மாட்டு வியாபாரம் இங்கேதான் கூடியது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டுமே எருமைதான், ஒன்று இங்கிலீஷ் எருமை, ஒன்று மலாய் எருமை. பெலிலியோஸ் ரோடு கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு யூத மாட்டு வியாபாரியின் பெயர். டெஸ்கர் ரோடும் ஒரு இறைச்சி வியாபாரியின் பெயர்தான். தெருப்பலகைகளை வரிசையாகப் படித்தாலே பாதிக் கசாப்புக்கடை கண்ணில் தெரியும்.

கேகே ஆஸ்பத்திரியின் கேகே கூட அதே கண்டாங் கெர்பாவ். 1966ல் ஒரே வருஷத்தில் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்து கின்னஸில் ஏறியது. நான் 1971. என் பிறப்புப் பத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் மகன், "அப்பா எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்" என்பான். மறுக்க வழியில்லை.

மார்ச் 3, மதியம்

தேக்கா என்ற பேர் எங்கிருந்து என்று ஒருவர் கேட்டார். ஹொக்கியன் என்ற சீன மொழியிலிருந்து. சின்ன மூங்கில்களின் அடிவாரம் என்ற மாதிரி அர்த்தம், ஆற்றங்கரையில் மூங்கில் இருந்ததாம். 1982ல் புதுக் கட்டடத்துக்கு அதே பேரை மாண்டரின் உச்சரிப்பில் சூஜியாவ் சென்டர் என்று வைத்தார்கள். எங்கள் பாட்டி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு 'சூசை சென்டர்' என்று முடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மேரியக்காவுக்கு ஒரே சந்தோஷம், சூசையப்பர் பேரில் மார்க்கெட் வந்துவிட்டது என்று. 2000ல் தேக்கா சென்டர் என்றே திருப்பி மாற்றினார்கள். நடுவில் பதினெட்டு வருஷம் பலகையில் ஒரு பேர், வாயில் ஒரு பேர்.

மார்ச் 5

கறிக்கடைக்கு வருகிறேன்.

நாங்கள் பெலிலியோஸ் லேனில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். வீரமாகாளியம்மன் கோயில் மணி வீட்டுக்குள் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கெல்லாம் அப்பா என்னை எழுப்பிவிடுவார். அக்காவை எழுப்பமாட்டார், அவளுக்குக் கறி வாடை ஆகாது (சமைத்த கறி நன்றாகவே ஆகும்).

எங்கள் கறிக்கடை பாய்க்குக் கடையநல்லூர். கைலி, வெள்ளை பனியன், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். கொக்கியில் ஆடு தொங்கும். எல்லாம் ஆஸ்திரேலியா ஆடு. செம்மறியா வெள்ளாடா என்று அப்பா வாராவாரம் கேட்பார். பாய் வாராவாரம், "நம்ம ஆடுண்ணே" என்பார். அது எந்த ஆடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்னால் மரக்கட்டை. நான் நின்றால் என் மோவாய் அதன் விளிம்புக்கு வரும். வருஷக்கணக்கில் வெட்டி வெட்டி நடுவில் குழி விழுந்திருக்கும், சட்டி மாதிரி. எலும்பு வெட்டுவது எப்போதும் வலது ஓரத்தில். கொழுப்பு சீவுவது இடது ஓரத்தில், அங்கே மரம் வழவழவென்று இருக்கும். நடுக்குழியில் வெட்டினால் கத்தி இறங்காது, எலும்பு நசுங்கிவிடும் என்பார். வெட்டும்போது கட்டையைப் பார்க்கமாட்டார், அப்பாவைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருப்பார். கத்தி மேலே போகும்போது பேச்சு நிற்கும், இறங்கினதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடரும். "ஊர்ல மழை... (டக்) ...இல்லையாம்ண்ணே... (டக்) ...குளம் வத்திப்போச்சாம்." எலும்புத் துணுக்கு ஒன்று தெறித்து என் கன்னத்தில் ஒட்டும். அப்பா அதைச் சுண்டிவிடுவார்.

எவ்வளவு வேண்டும் என்பது அவரது முதல் கேள்வியாக இருக்காது. "கொழம்புக்கா, பெரட்டலுக்கா?" என்பார். குழம்பு என்றால் நெஞ்செலும்பும் கழுத்தும் கலந்து போடுவார். பிரட்டல் என்றால் சப்பை. விருந்தாளி வருகிறார்கள் என்று அப்பா சொன்னால் தொடையில் கை வைப்பார். அதற்கப்புறம்தான் எத்தனை காட்டி என்ற பேச்சு.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

காட்டி என்றால் என்ன என்று கேட்கிற வயசுக்காரர்களும் படிக்கிறார்கள் போல. சுமார் 600 கிராம். தாயில் என்ற சின்ன எடை பதினாறு சேர்ந்தால் ஒரு காட்டி. எங்கள் அம்மா கிலோவுக்கு மாறவே இல்லை. "ஒரு கிலோ போடுங்க, அதாவது ஒண்ணே முக்கா காட்டி வராம பாத்துக்குங்க" என்பாள்.

மார்ச் 6

சுவரொட்டிக் கதை. இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன்.

எனக்கு ஏழெட்டு வயசு. அப்பாவுக்குக் காய்ச்சல், என்னைத் தனியாக அனுப்பினார்கள். அம்மா பத்து வெள்ளித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்திவிட்டாள். "நெஞ்செலும்பு ஒரு காட்டி, கூட ஒரு சுவரொட்டி. பாய்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லு." அக்காவுக்கு உடம்பில் ரத்தம் பத்தாது என்று டாக்டர் சொல்லியிருந்த சமயம். சுவரொட்டியைச் சுட்டுக் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்பது அம்மாவின் வைத்தியம்.

சுவரொட்டி என்றால் ஆட்டின் மண்ணீரல். எனக்கு அது எங்கே தெரியும்? பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் சுவரொட்டி என்றால் சுவரில் ஒட்டும் விளம்பரத்தாள் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார். வாக்கியத்தில் அமைத்து எழுதி பத்துக்குப் பத்து வாங்கியிருந்தேன்.

கடைக்குப் போனேன். பாய்க்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய நாள்காட்டி, மேலே மக்கா படம். சரி, அம்மாவுக்கு அதுதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொரு வீட்டுப் பொருளை எப்படிக் கேட்பது என்று கூச்சம். நெஞ்செலும்பை வெட்டிக் கட்டும்வரை பேசாமல் நின்றுவிட்டு, கடைசியில் கையை நீட்டி, "அம்மா அந்தச் சுவரொட்டியக் கேட்டாங்க" என்றேன்.

பாய் திரும்பிச் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு, "ஏ, இங்க வா, புள்ள என்ன கேக்குதுன்னு பாரு" என்று என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்.

நிஜச் சுவரொட்டியைத் தனியாக வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார், கரும்சிவப்பாக, நாக்கு மாதிரி நீளமாக. அப்புறம் முக்காலியில் ஏறி நாள்காட்டியையும் கழற்றிச் சுருட்டி என் கக்கத்தில் வைத்தார். "ரெண்டும் சுவரொட்டிதான். அம்மாகிட்ட எது வேணுமோ எடுத்துக்கச் சொல்லு."

பழைய மார்க்கெட் என்றாலே எனக்கு அந்த முகம்தான். அந்த ஈரத்தரை, அந்தக் கூரை. புதுக் கட்டடத்தில் அப்படி ஒரு நெருக்கம் வந்ததே இல்லை.

மார்ச் 7

வாழையிலையா, செய்தித்தாளா? யோசித்தால் செய்தித்தாள் மாதிரியும் இருக்கிறது. ரத்தத்தில் எழுத்து ஊறி அம்மாவின் கையில் மை ஒட்டியதாக ஒரு ஞாபகம். வாழையிலை எங்கேயோ படித்ததிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். செய்தித்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 8

மீன் பக்கத்தை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கோபிக்கிறார். நியாயம். ஆனால் மீன் அப்பாவின் துறை இல்லை, அம்மாவின் துறை. ஒரு சீனத் தாத்தா தமிழிலேயே பேரம் பேசுவார். எண்கள் சுத்தத் தமிழ், மீன் பேர் எல்லாம் மலாய். வஞ்சிரத்தைத் தெங்கிரி என்பார், வவ்வாலைப் பாவால் என்பார். நாங்களும் வீட்டில் தெங்கிரி என்றே சொல்லி வளர்ந்தோம். முதல் தடவை மெட்ராஸ் போய் ஓட்டலில் தெங்கிரி வறுவல் கேட்டபோது சர்வர் என்னைக் கேரளாக்காரன் என்று நினைத்தார்.

அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தால் அந்தத் தாத்தாவுக்குக் கோபம் வரும். "ஆண்ட்டி, கண்ணு பாரு, கண்ணு!" மீனின் கண்ணைச் சொல்கிறாரா தன் கண்ணைச் சொல்கிறாரா என்று தெரியாது.

காய்கறிக் கடையில் கறிவேப்பிலை இனாம். இன்றும் சில கடைகளில் கேட்டால் தருகிறார்கள், ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 9, சனி

அக்காவிடம் மார்ச் 6ந் தேதிக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்கக் கூடாது.

அவள் சொன்னது, வரிசை மாறாமல்:

"ஏழெட்டு வயசா? உன்னை ஏழு வயசுல சிராங்கூன் ரோட்டைத் தனியாத் தாண்ட அம்மா விடுவாங்களா? பத்து வயசிலேயே விடல. லேன்லேருந்து பழைய மார்க்கெட்டுக்கு எப்படிப் போனே, பறந்தா?"

அவள் சொல்வது சரி. பெலிலியோஸ் லேனும் பஃபலோ ரோடும் சிராங்கூன் ரோட்டுக்கு ஒரே பக்கம். பழைய மார்க்கெட் எதிர்ப்பக்கம். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டைத் தாண்டாமல் போகக்கூடிய மார்க்கெட் புதியது ஒன்றுதான்.

நான் விடவில்லை. யாராவது பெரியவர் தாண்டிவிட்டிருக்கலாமே என்றேன். அதற்கு அவள்:

"அந்தக் காலண்டர் எத்தனை வருஷம் நம்ம சமையக்கட்டுல தொங்குச்சு? மேல பெருசா என்ன போட்டிருந்துச்சு? 1983. நான் அதுலதான் என் பரீட்சைத் தேதிக்கு வட்டம் போட்டேன்."

1983. அதாவது சூஜியாவ் சென்டர். சூசை சென்டர். நான் 'நெருக்கம் வந்ததே இல்லை' என்று எழுதிய அதே கட்டடம்.

இன்னொன்றும் இதில் வெளியாகிறது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயசு. ஏழு வயசில் நாள்காட்டியைக் கேட்டால் சின்னப்பிள்ளை. பன்னிரண்டு வயசில் கேட்டால் வேறு பேர்.

மார்ச் 9, இரவு

அப்படியானால் பழைய மார்க்கெட்டைப் பற்றி எனக்கு நிஜமாக என்ன ஞாபகம்? உட்கார்ந்து சலித்துப் பார்த்தேன்.

உயரமான கூரை. மேலேயிருந்து விழும் வெளிச்சம், அதில் நீராவி மாதிரி ஏதோ மிதக்கும். கோழிக்கூண்டுகள், உயிரோடு. அப்பா விரல் காட்டுகிற கோழியைக் கூண்டிலிருந்து இழுப்பார்கள், நான் அப்பாவின் கைலிக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். தரையில் தண்ணீர், என் ஜப்பான் சிலிப்பர் வழுக்கும். அவ்வளவுதான். பாயின் முகமே அங்கே வரமாட்டேன் என்கிறது. தோள்வரைதான் தெரிகிறது, கத்தி பிடித்த கை தெரிகிறது. நான் அந்த உயரத்தில்தானே இருந்தேன்.

மோவாய் கட்டையின் விளிம்புக்கு வரும் என்று எழுதினேனே, அது பழையதாகத்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டு வயசில் மோவாய் அங்கே இருந்திருக்காது. ஆனால் நடுக்குழியும் அதே கட்டையில்தான் இருந்தது. புதுக் கடையில் புதுக் கட்டையாக இருந்தால் ஒரே வருஷத்தில் எப்படிக் குழி விழும்?

மார்ச் 10, ஞாயிறு

நேற்றைய கேள்விக்கு ஒரு பெரியவர் பதில் அனுப்பியிருக்கிறார். அவர் மாமனார் புதுக் கட்டடத்துக்கு மாறிய கறிக்கடைக்காரர்களில் ஒருவராம். 82ல் மாறும்போது கொக்கி, கத்தி, தராசு, கட்டை எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வைத்து ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோனார்களாம். "பழகின கட்டையை யார் விடுவா?" என்கிறார். கட்டையைத் தூக்க நாலு பேர், அதற்காக பஸ் நின்றதாம்.

எங்கள் பாயும் அப்படிச் செய்தாரா, எனக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் நான் இதை நம்பப்போகிறேன். அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 11

இது கறிக்கடை சம்பந்தப்பட்டது இல்லை, ஆனாலும். வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பார்கள். பாட்டி அப்படித்தான் சொல்வாள். இங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்துப் பேர். கம்போங் கப்போர் என்ற மலாய்ப் பேருக்கும் அதே அர்த்தம், சுண்ணாம்புக் கிராமம். எனக்கு ரொம்ப நாள் கம்பம் என்றால் கோயில் கொடிமரம் என்று நினைப்பு, அதற்கு யாரோ சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள் என்று. கம்போங்தான் கம்பம் ஆனது. சுவரொட்டியைப் புரிந்துகொண்டவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்.

மார்ச் 13

2008ல் தேக்கா சென்டரைச் சீரமைப்புக்கு மூடியபோது ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். பாய் அதற்கு முன்பே கடையை விட்டுவிட்டார், முழங்கால் வலி. பெரிய மகன் கணக்காளர், சின்னவர் கொஞ்ச நாள் நின்றார், பிறகு கடை கைமாறியது. 2023ல் மறுபடியும் ஜூலையிலிருந்து மூன்று மாதம் மூடினார்கள். அந்த மூன்று மாதமும் நான் பேரங்காடியில் தட்டில் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றிய கறி வாங்கினேன். குழம்புக்கா பிரட்டலுக்கா என்று அது கேட்கவில்லை. குழம்பு வைத்தேன், எலும்பே இல்லாமல் சாறு தண்ணீராக நின்றது. மகன் ஒன்றும் சொல்லவில்லை, தயிரை எடுத்துக்கொண்டான்.

மார்ச் 17, ஞாயிறு

அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். நேரில் பார்த்து வழக்கை முடித்துவிடலாம் என்று.

நோன்பு மாசம். கறிக்கடை வரிசையில் கூட்டம் நெருக்கியடித்தது. நாங்கள் நின்ற கடையில் முப்பது வயசுத் தம்பி ஒருவர், நோன்போடு, தொண்டை வறண்ட குரலில் பேசிக்கொண்டே வெட்டிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டேன், புதுக்கோட்டை பக்கமாம். கட்டை புதுசு, நடுவில் லேசாகத்தான் பள்ளம். எலும்பை வலது ஓரத்தில்தான் வெட்டினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொத்தமல்லிக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கிலோண்ணே? எதுக்கு, கொழம்பா?"

குழம்புதான் என்றேன். நெஞ்செலும்பும் கழுத்தும் கலந்து எடுத்தார். நான் கேட்கவில்லை.

"சுவரொட்டி இருக்கா தம்பி?"

"முன்னாடியே சொல்லி வைக்கணும்ண்ணே. காலையில வந்தவுடனே போயிடும். இப்பல்லாம் அதுக்குத்தான் அடிதடி."

சுவரைப் பார்த்தேன். நாள்காட்டி இருந்தது, மின்சாரக் கம்பியும் க்யூஆர் அட்டையும் அதை மறைத்துக்கொண்டு. கேட்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அக்கா என் முழங்கையை இடித்தாள், "போதும் வா" என்று.

பிறகு எதிர்ப்பக்கம் தேக்கா பிளேஸில் காப்பி குடிக்கலாம் என்றாள். பழைய மார்க்கெட் இருந்த இடத்தில் உட்கார்ந்து இந்த விவகாரத்தைத் தீர்க்கலாமாம். சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்ததும் இறங்கினேன். அக்கா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்கு ஐம்பத்து மூன்று நடக்கிறது, அவளுக்கு ஐம்பத்தாறு. ரோட்டின் நடுவரை விடவில்லை.

மார்ச் 18

திருத்தம். அக்கா படித்துவிட்டாள். மணிக்கட்டைப் பிடிக்கவில்லையாம், கறிப் பையைத்தான் பிடித்தாளாம், அது கிழிகிற மாதிரி இருந்ததாம். காப்பிக் காசையும் அவள்தான் கொடுத்தாளாம், அதை ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாள்.